மாடிப்படிக்கடியில் குடியிருந்தவர்

கத்தரிக்கோல் முடியை வெட்டும்போது எழுகிற சத்தம் வேறு, முடியைத் தொடாமல் காற்றை வெட்டும்போது எழுகிற சத்தம் வேறு என்பது, எழுத்துக் கூட்டிப் படிக்க வருவதற்கு முன்பே பூங்கோதைக்குத் தெரியும். முசிறிக் கடைத்தெருவில், சைக்கிள் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவில் தகரக்கூரை போட்ட சலூனில், அவள் அப்பா அய்யாக்கண்ணு ஒருவர் தலையில் இரண்டு வெட்டு வெட்டிவிட்டுச் சீப்பை அடுத்த இடத்துக்கு நகர்த்துகிற அந்த இடைவெளியில், விரல்கள் சும்மா இருக்கப் பொறுக்காமல் வெறும் காற்றை மூன்று தரம் கிச், கிச், கிச் என்று வெட்டுவார். பெஞ்சுக்கு அடியில் பழைய தினத்தாளை விரித்துப் படுத்திருந்த பெண் அந்த மூன்றை எண்ணியபடியே தூங்கிப்போவாள். ஆறாம் வகுப்புக்குப் போனபிறகு அதே சத்தம் தெருமுனையிலேயே காதில் விழத் தொடங்கியது. விழுந்த உடனே, கூட வருகிற பிள்ளைகளுக்குக் கேட்டுவிடாதபடி, கணக்கு வாத்தியாரைப் பற்றியோ மழையைப் பற்றியோ உரக்க எதையாவது பேசிக்கொண்டு அந்த இடத்தைக் கடந்துவிட அவள் பழகிக்கொண்டாள்.

அப்படிக் கடந்து கடந்தே அவள் பள்ளியைக் கடந்தாள், திருச்சியில் கல்லூரியைக் கடந்தாள், வேதியியலில் பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாக வந்தாள். கைபேசியெல்லாம் வராத அந்தக் காலத்தில் உபகாரச் சம்பளம் பெற்று, கடலையும் கடந்து, ஜெர்மனியில் நெக்கர் ஆற்றங்கரையிலிருந்த ஒரு சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தாள். பல்கலைக்கழகத்தில் சேருவதற்கு முன் எட்டு மாதம் அங்கே ஜெர்மன் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வகுப்பில் பதினொரு பேர். சொல்லிக்கொடுத்தவர் சீக்லர் அம்மாள். மெலிந்தவர், எந்தக் கேள்விக்கும் முழு வாக்கியத்தில்தான் பதில் சொல்ல வேண்டும் என்பவர். பதினொரு பேரில் இன்னொரு தமிழ்ப் பெண்ணும் இருந்தாள். உலகம் இவ்வளவு பெரிதாக இருந்தும் அவளும் முசிறிக்காரியாகவே இருந்தாள்: பெரிய தெரு அரிசி மில் வீட்டு சியாமளா. சென்னையில் தங்கிப் படித்தவள் என்பதால் இருவரும் முன்பு பார்த்துக்கொண்டதில்லை. "நீ கடைத்தெருப் பக்கமா, காவிரிக்கரைப் பக்கமா?" என்று முதல் நாள் சியாமளா கேட்டபோது, "அங்கதாங்க, நடுவுல" என்று பூங்கோதை சொல்லியிருந்தாள்.

ஐப்பசி மாதம், அங்கே இலைகள் உதிர்ந்து முடிந்திருந்தன. பாடப் புத்தகத்தின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஒன்பது படங்கள், ஒன்பது தொழில்கள். மருத்துவர், ரொட்டி சுடுபவர், ஓட்டுநர், ஆசிரியர்; ஐந்தாவதாக, வெள்ளை அங்கி போட்டுக் கையில் கத்தரிக்கோலும் சீப்புமாகச் சிரிக்கிற முடிதிருத்துபவர். சீக்லர் அம்மாள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். உங்கள் தந்தை என்ன வேலை செய்கிறார்? எங்கே செய்கிறார்? காலையில் எத்தனை மணிக்குத் தொடங்குகிறார்? சியாமளா மூன்றுக்கும் அழகாகப் பதில் சொன்னாள். அடுத்தது பூங்கோதை. அவளுக்கு வார்த்தை தெரியாமல் இல்லை. ஐந்தாவது படத்துக்குக் கீழே அச்சிட்டிருந்த சொல்லை முந்தின நாளே பன்னிரண்டு தரம் எழுதிப் பார்த்திருந்தாள். ஆனால் சியாமளா பக்கத்தில் கன்னத்தில் கைவைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரம் போலந்துக்காரி ஹலீனா தன் தாய் இறந்துவிட்டாள் என்று சொன்னபோது, சீக்லர் அம்மாள் தலையைத் தாழ்த்திவிட்டு, இரண்டாவது கேள்வியைக் கேட்காமலே அடுத்தவரிடம் போனதைப் பூங்கோதை கவனித்து வைத்திருந்தாள்.

"என் தந்தை இறந்துவிட்டார்" என்று அவள் முழு வாக்கியத்தில் சொன்னாள். அதில் ஒரு பிழையும் இல்லை. சீக்லர் அம்மாள் தலையைத் தாழ்த்தினார்.

வகுப்பு முடிந்து பேருந்துக்கு நிற்கையில் சியாமளா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லவே இல்லையே நீ. அம்மாவுக்கு இன்னைக்கே எழுதிடறேன். நேர்ல போய்ப் பாத்துட்டு வரச் சொல்றேன்."

எழுதாதீங்க என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பேருந்து வந்தது, இருவரும் ஏறிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை, பூங்கோதை வாடகைக்கிருந்த வீட்டின் மாடிப்படிக்கு அடியில், சைக்கிள்களுக்கும் நிலக்கரி வாளிக்கும் பக்கத்தில், இறந்துபோன அய்யாக்கண்ணு உட்கார்ந்திருந்தார்.

நாலு முழ வேட்டி, அரைக்கைச் சட்டை, தோளில் ஈரிழைத் துண்டு, மடியில் கத்தியும் கத்தரிக்கோலும் படிகாரக் கல்லும் வைக்கிற தோல்பை, எல்லாம் இருந்தன, செருப்பு இல்லை. படிய வாரிய நரைமுடிகூட அப்படியே இருந்தது. பேச்சு மட்டும் இல்லை. பூங்கோதை படியிறங்கி வருவதைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்று, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். முசிறியில் பெரிய தெருக்காரர்கள் யாராவது கடைவாசலைக் கடந்துபோனால் அப்படித்தான் நிற்பார். அவள் அவரைத் தாண்டிக் கதவைத் திறந்துகொண்டு வகுப்புக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தபோதும் அவர் எழுந்து நின்றார்.

வீட்டுக்காரி ஹேபெர்லே அம்மாளுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை; ஒழுங்குதான் முக்கியம். படிக்கட்டுக் கூடத்தில் தீப்பிடித்தால் ஓடுவதற்கு வழி விடவேண்டும் என்பது சட்டம் என்று சொல்லி, தையல் நாடாவைக் கொண்டுவந்து அளந்து பார்த்தார். இறந்தவர் கால்களை மடக்கிக்கொண்டால் வழி சரியாக இருந்தது. "உங்கள் தந்தைதானே? வகுப்பில் சொன்னீர்களாம், சீக்லர் சொன்னார். ஆழ்ந்த அனுதாபம். ஆனால் ஒரு வாரத்துக்குள் நகராட்சியில் பதிவு செய்துவிடுங்கள். இங்கே யாரும் பதியாமல் குடியிருப்பதில்லை." இதைச் சொல்லிவிட்டு உள்ளே போய், தன் கணவர் விட்டுச்சென்ற கம்பளிக் காலுறை ஒரு ஜோடி கொண்டுவந்து, எதிரில் வைக்காமல் கையிலேயே கொடுத்தார். இறந்த அய்யாக்கண்ணு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நகராட்சி அலுவலகத்தில் இளம் எழுத்தர் ஒருவர் படிவத்தைத் தள்ளினார். பெயர், பிறந்த ஊர், நாடு. நிலை என்ற கட்டத்தில் பூங்கோதை இரண்டாவது முறையாக இறந்தவர் என்று எழுதினாள். முதல் முறை வாயால் சொன்னது. இந்த முறை கையெழுத்தும் போட வேண்டியிருந்தது. தொழில் என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தாள். எழுத்தர் அந்தக் கோட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், இறந்தவர்களுக்கு அது தேவையில்லைதான் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு முத்திரை குத்தினார்.

அந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மாடிப்படியைக் கூட்டித் துடைப்பது வாரம் ஒரு குடித்தனத்தின் முறை. முறை யாருடையதோ அவர்கள் கதவுப்பிடியில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கும். வாரம் முடிந்ததும் பலகையை அடுத்த கதவில் மாட்டிவிட வேண்டும். பலகை தொங்குகிற வீட்டார் படியில் ஒரு தூசி கிடந்தாலும் மற்றவர்கள் வணக்கம் சொல்ல மாட்டார்கள். இறந்த அய்யாக்கண்ணு வந்த மூன்றாம் நாளே துடைப்பத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு ஆள் எழுந்துபோனதும் நாற்காலியைச் சுற்றி விழுந்ததை உடனே கூட்டிவிடுகிறவர் அவர், ஆயுள் முழுக்க அப்படி. படிகளின் மூலையில் ஆண்டுக்கணக்காக ஒளிந்திருந்த தூசி எல்லாம் வெளியே வந்தது. இரண்டாம் மாடியில் தனியாக இருந்த கோல்ப் என்ற ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், பலகையைக் கழற்றிக் கீழே கொண்டுபோய், படிக்கு அடியிலிருந்த ஆணியில் மாட்டிவிட்டார். இறந்தவருக்கு முறை உண்டா என்று ஞாயிற்றுக்கிழமை ஹேபெர்லே அம்மாள் சமையலறையில் கூட்டம் நடந்தது.

"சட்டத்தில் குடியிருப்பவர் என்றுதான் இருக்கிறது, உயிரோடு குடியிருப்பவர் என்று இல்லை" என்றார் கோல்ப்.

"அப்படியானால் அவருக்கும் ஓய்வு வாரம் உண்டு. எல்லா வாரமும் அவரே என்றால் அது சுரண்டல்" என்றார் ஹேபெர்லே அம்மாள்.

"ஓய்வு கொடுத்துப் பாருங்களேன். அவர் எடுத்துக்கொண்டால் எனக்குச் சொல்லுங்கள்."

பூங்கோதை மேசையோரத்தில் உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாம் புரிந்தும் புரியாதவள்போல இருந்தாள். புதிய மொழி படிக்கிறவர்களுக்கு அந்த ஒரு சௌகரியம் உண்டு.

மனைவி போனதிலிருந்து கோல்ப் முடி வெட்டிக்கொள்ளவில்லை. நான்கு ஆண்டு முடி தோளில் கிடந்தது. ஒரு வியாழக்கிழமை அவர் தானாகவே சமையலறை முக்காலியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, இறந்தவர் முன்னால் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு மேலே தன் அறையில் வேற்றுமைப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டிருந்த பூங்கோதையின் காதில், இரண்டு வெட்டும், பிறகு காற்றில் மூன்றும் விழுந்தன. அவள் பாடத்தை உரக்கப் படிக்கத் தொடங்கினாள். அது கதவைத் தாண்டி வந்தது, தலையணையைத் தாண்டி வந்தது. முடிந்ததும் கோல்ப் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, தன் முகம் இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று ஹேபெர்லே அம்மாளிடம் சொன்னாராம். அதற்குப் பிறகு பக்கத்துத் தெருவிலிருந்து வந்தார்கள், தபால்காரர் வந்தார், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர் வந்தார். காசு கொடுத்தால் அவர் வாங்கவில்லை என்பதால் உருளைக்கிழங்கும் ஆப்பிளும் கொண்டுவந்து வைத்தார்கள். அவற்றை அவர் யாரும் பார்க்காத நேரத்தில் பூங்கோதையின் கதவோரம் அடுக்கிவைத்தார். கடைசியில் சீக்லர் அம்மாளே நெற்றியில் விழுகிற முடியை நேராக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்து, "உங்கள் காலஞ்சென்ற தந்தையின் கை தங்கமான கை" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பூங்கோதை நன்றி சொன்னாள், முழு வாக்கியத்தில்.

அந்த நாட்களில் அவள் முசிறிக்கு மூன்று கடிதம் எழுதினாள். அப்பா, பெரிய தெருவிலிருந்து யாராவது வந்து ஏதாவது சொன்னால், என்று தொடங்கும் ஒவ்வொன்றும். மூன்றையும் கிழித்தாள். கடிதம் போய்ச்சேரப் பத்து நாள், பதில் வரப் பத்து நாள். அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தாள். மாடிப்படியில் அவர் எழுந்து நிற்பது நிற்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போனாலும், துண்டு தோளிலிருந்து இறங்கும் அசைவு ஓரக்கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

கார்த்திகையில் முதல் பனி விழுந்த ஒரு மாலையில் சியாமளா வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் நுழைந்ததும் இறந்த அய்யாக்கண்ணு எழுந்து நின்றார். சியாமளா அவரை ஏறிட்டுப் பார்த்து, சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் தடுமாறித் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

மேலே வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டில் நுனியில் உட்கார்ந்தாள். "நீ யாரு பொண்ணுன்னு எனக்கு முதல் நாளே தெரியும் பூங்கோதை. முகச்சாடை போதுமே. எங்கண்ணனுக்கு மொதல் மொட்டை போட்டதே உங்கப்பாதான். நீயா சொல்லலேன்னா நான் கேக்கப்போறதில்லேன்னு இருந்துட்டேன். அதுவும் ஒரு மாதிரி தப்புதான்." பிறகு பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். "அம்மாகிட்டேர்ந்து வந்திருக்கு. நீயே படிக்கறியா?"

"நீங்களே படிங்க."

சியாமளா படித்தாள். சில இடங்களில் ஒரு கணம் நின்று நின்று படித்தாள். அவள் அம்மா அவன் என்று எழுதியிருந்த இடத்தில் எல்லாம் இவள் அவர் என்று மாற்றிப் படிக்கிறாள் என்பது மூன்றாவது தடங்கலில் பூங்கோதைக்குப் புரிந்தது.

'நீ எழுதினபடி துக்கம் விசாரிக்கக் கடைத்தெருவுக்கு நானே போனேன். வீடு தெரியாததால் கடையில் யாரையாவது கேட்கலாம் என்று எட்டிப் பார்த்தால், அய்யாக்கண்ணு உயிரோடு நின்று கத்தி தீட்டிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கைகால் ஓடவில்லை. அந்தப் படபடப்பில், உன் பொண்ணு அங்கே அப்பா செத்துட்டதா சொல்லிச்சாமே என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கத்தியைத் தோல்பட்டையில் ஏற இறங்க நாலு தரம் இழுத்தார். அப்புறம், ஆமாங்கம்மா, எங்க அண்ணன் தவறிட்டார், அவரைத்தான் பாப்பா அப்பான்னு கூப்பிடும், சரியாத்தான் சொல்லியிருக்கு என்றார். மறுநாள் கோயிலுக்குப் போகும்போது பார்த்தேன். மொட்டை போட்டுக்கொண்டு கடையில் நிற்கிறார். மூணு தலைமுறையாக நமக்குத் தெரிந்த குடும்பம், அவருக்கு ஏது அண்ணன்? அவர்தான் தலைச்சன். ஊரில் வேறு ஆளைக் கூப்பிட்டால் யாருக்காக என்று கேட்பார்கள் என்று தன் தலையைத் தானே சிரைத்துக்கொண்டிருக்கிறார். கை எட்டாத இடத்தில், பின்னந்தலையில், இரண்டு கீறல். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று வந்துவிட்டேன்.'

சியாமளா கடிதத்தை மடித்தாள். கீழே யாருக்கோ முடி வெட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. பூங்கோதை அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது வரவில்லை.

மறுநாள் வகுப்பில் எழுபதாம் பக்கம், ரயில் நிலையத்தில் வழி கேட்பது. சீக்லர் அம்மாள் தொடங்குவதற்குள் பூங்கோதை எழுந்து நின்றாள். ஊரில் வகுப்பில் பேசுவதென்றால் எழுந்து நிற்பதுதான் வழக்கம். இங்கே யாரும் அப்படி நிற்பதில்லை என்பதால் பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் தந்தை உயிரோடு இருக்கிறார்" என்றாள். "அவர் முடிதிருத்துபவர். முசிறியில் கடைத்தெருவில் வேலை செய்கிறார். காலையில் ஐந்தரை மணிக்குத் தொடங்குகிறார்."

மூன்று கேள்விக்கும் பதில் முடிந்ததும் உட்கார்ந்தாள். ஹலீனாதான் கேட்டாள்: "அப்படியென்றால் படிக்கு அடியில் இருப்பவர்?"

"நான் சொன்ன பொய்" என்றாள் பூங்கோதை.

ஹலீனா தன் மேசையைப் பார்த்துக்கொண்டாள். தாயை நிஜமாகவே இழந்தவள் அவள். அன்றிலிருந்து படிப்பு முடியும்வரை பூங்கோதையோடு பேசவில்லை. சீக்லர் அம்மாள் மெல்ல, "பதிவை நீக்க வேண்டியிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுபதாம் பக்கத்தைத் திறந்தார்.

வீட்டில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. "வியாழக்கிழமை நான் முடி வெட்டிக்கொள்ளும் முறை" என்றார் கோல்ப். "ஒரு வாக்கியத்துக்காக ஒருவரை வரவழைப்பீர்கள், இன்னொரு வாக்கியத்துக்காக அனுப்புவீர்களா?" வியாழக்கிழமை வரை பொறுப்பது என்று சமையலறைக் கூட்டத்தில் முடிவானது. புதன்கிழமை பூங்கோதை நகராட்சிக்குப் போனாள். அதே எழுத்தர் பழைய படிவத்தை எடுத்து, எங்கே குடிபெயர்கிறார் என்ற கட்டத்தைக் காட்டினார். முசிறி முகவரியை எழுதினாள். பிறகு தானாகவே தொழில் என்ற கட்டத்துக்குப் போய், அந்தக் கோட்டுக்கு மேலேயே சொல்லை எழுதினாள். கோட்டின் மேல் எழுதினால் படிக்க முடியாது, வேறு தாள் தருகிறேன் என்று எழுத்தர் சொன்னார். இதுவே இருக்கட்டும் என்றாள்.

வியாழக்கிழமை மாலை கோல்ப்பின் தலை முடிந்தது. கோல்ப் இறந்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மாடியேறினார். அய்யாக்கண்ணு முடியைக் கூட்டி அள்ளினார், மேல்மாடியிலிருந்து வாசல்வரை படி முழுவதும் கூட்டினார். பலகையைக் கொண்டுபோய்ப் பூங்கோதையின் கதவில் மாட்டினார். அவள் கதவைத் திறந்தாள். அவர் ஓரமாக ஒதுங்கி, துண்டைத் தோளிலிருந்து இறக்கினார்.

"அப்பா" என்றாள். இந்த ஆறு வாரத்தில் அவரை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "உக்காருப்பா. உள்ள வந்து உக்காரு."

அவர் உட்காரவில்லை. கதவுக்கு வெளியே நின்றபடியே அவளைப் பார்த்தார். மகளைப் பார்க்கிற பார்வையாக இல்லை, வழிவிடவேண்டிய யாரோ ஒருத்தியைப் பார்க்கிற பார்வை அது. அவளால் உண்டானவருக்கு அவள் கொடுத்திருந்தது அந்தப் பார்வை ஒன்றைத்தான். அவளே படியில் உட்கார்ந்துகொண்டாள். அவர் அவளைத் தொட்டுவிடாமல் சுவரோரமாக இறங்கி, காலுறைகளைக் கழற்றி மடித்து ஹேபெர்லே அம்மாள் வாசலில் வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு பனியில் போனார். அன்றிரவே ஹேபெர்லே அம்மாள் ஈரத்துணியால் கூடத்தைத் துடைத்தார்.

மாதத்தின் முதல் ஞாயிறு, காலையில், தபால் நிலையத்து மஞ்சள் தொலைபேசிக் கூண்டிலிருந்து முசிறியில் பாத்திரக் கடை எண்ணுக்குப் பேசுவது அவள் வழக்கம்; போன மாதம் மட்டும் போகவில்லை. அங்கே மதியம். ஆளனுப்பி அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

"நாந்தாம்பா."

"தெரியுதும்மா. அங்க பனி கொட்டுதாமே, ரேடியோவுல சொன்னான். காதக் கட்டிக்க."

"பெரிய தெரு அம்மா வந்தாங்களாமே."

இடிபடும் பாத்திரங்களின் ஓசைக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"வந்தாங்க. நாற்காலியைத் தொடச்சுப் போட்டேன், உக்காரல."

"அப்பா, நான் சொன்னது..."

"பொய்ச்சாவு சொன்னா ஆயுசு கெட்டிம்பாங்க. எனக்கு இப்ப அம்பத்தாறு. இன்னும் எத்தனை வருசத்துக்கு இழுத்துவிட்டிருக்கியோ தெரியல. உங்கம்மாதான் பாவம்."

"திட்டுப்பா. ரெண்டு வார்த்தை திட்டிடு."

"ஃபோன்லயா? பாத்திரக் கடைக்காரர் பக்கத்துலயே நிக்கிறாரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "அந்தப் புள்ள, சியாமளா, உங்கூடப் பேசுதில்ல?"

"பேசுறாங்கப்பா."

"அது போதும். வெச்சுடறேன், ஆள் உக்காந்திருக்கு."

அய்யாக்கண்ணு தொண்ணூற்றிரண்டு வயது வரை இருந்தார். முசிறியில் சலூன்களுக்கெல்லாம் விடுமுறையான ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் இறந்தார்.